இவர் இனி வரமாட்டாரா?

மார்ச் 3, திங்கள்

என் மேசைக்கு எதிரே உள்ள நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. செயற்கைக் கால் செய்து மாட்டும் மையத்தில் நாற்காலிக்குக் கால் சரியில்லை. பட்டறைக்காரரிடம் சொன்னேன். "மனுஷங்களுக்கே எட்டு மாசம் வரிசை. உங்க நாற்காலி பேர் குடுத்துட்டுப் போகட்டும்" என்றார். அட்டையை மடித்து நானே முட்டுக் கொடுத்தேன்.

அழைப்பு வாரம் முடிந்தது, அது ஒரு நிம்மதி. மாதக் கடைசி வாரத்தில், அடுத்த மாதம் அளவெடுக்க வேண்டியவர்களைப் போனில் கூப்பிட்டு வருகிறார்களா என்று கேட்க வேண்டும். காலையில் நான் இருபது பேர். மதியத்துக்கு மேல் வருகிறவள் பதினெட்டுப் பேர். அவளுக்கு நான் வைத்த பெயர் மதியக்காரி. அவளுக்கும் தெரியும், கோபமில்லை. வருகிறவர் பெயர் பட்டியலில் நிற்கும், வராதவர் பெயர் போகும். ஒவ்வொரு போனுக்கும் பிறகு எக்செல் ஃபாரத்தில் பதிவு எண்ணைப் போட்டு 'அழைத்தாயிற்று' பட்டனைத் தட்டினால், ஒரு பெட்டி எழும்பி வந்து ஏதோ கேட்கும். ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைத் தட்ட வேண்டும்.

இந்த முறை பெட்டி தமிழில் வந்தது. மூன்று வருஷமாக ஆங்கிலத்தில் இருந்ததை மேலாளர் மாற்றச் சொல்லி, அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஓடுகிற மேக்ரோவை எழுதுகிற ஒப்பந்தக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கேள்வி வாசகம் மட்டும் மேலாளரே எழுதினாராம். "நம்ம மொழியில இருந்தா தப்பே வராது, சரியா?" என்றார். எந்த வாக்கியத்தையும் அவர் அந்த வார்த்தை இல்லாமல் முடித்ததில்லை. அதனால் எங்களுக்கு அவர் சரியா சார்.

மார்ச் 5, புதன்

மனசு சரியில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஒருவர் இரண்டு ஊன்றுகோலோடு வந்து நான் முட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "இன்னைக்கு எனக்கு அளவு" என்று சீட்டை நீட்டினார். எண்ணைப் போட்டேன். 'பதிவு இல்லை' என்று வந்தது. தப்பாகப் போட்டோமோ என்று ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிப் போட்டேன். பதிவு இல்லை.

"போன வாரம் நீங்கதானே மேடம் கூப்பிட்டீங்க. வர்றீங்களான்னு கேட்டீங்க, ஆமா வர்றேன்னு சொன்னேனே."

குரல் ஞாபகம் வந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ஒரு காலோட வர்றேன், ரெண்டு காலோட அனுப்பி வைங்க" என்று போனில் சொல்லிச் சிரித்தவர். இன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் இடத்துக்கு அடுத்த ஆள் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. புதிதாகப் பதிந்தால் நவம்பர் என்று ஃபாரம் சொல்கிறது.

"ஏப்ரல் கடைசி வரைக்கும்தான் கம்பெனியில என் இடத்தை வச்சிருப்பாங்க" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், "என் பேரை யாரு எடுத்தது?"

சீட்டிலிருந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

போன் செய்ததை எல்லாம் நான் ஒரு நோட்டிலும் எழுதுவேன். வருகிறவருக்கு ஒரு 'வ', வராதவருக்கு ஒரு கோடு. இதற்காக என்னை எல்லாரும் கேலி செய்வார்கள். இன்று நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபது பேரில் பதினான்கு 'வ'. அந்தப் பதினான்கு பேரும் பட்டியலில் இல்லை. வரவில்லை என்று சொன்ன ஆறு பேர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

போனதைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல் இசட் போட்டுப் பார்த்தேன். மேக்ரோ ஓடிய பிறகு அது வேலைக்கு ஆகாது, தெரிந்தும் போட்டேன்.

மதியக்காரியின் பதினெட்டுப் பேரில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

சரியா சாரிடம் நானே போய்ச் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? அவர் ஃபாரத்தை அங்கேயே பூட்டினார். "பதினாலும் உங்க நேரத்துல போயிருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ தப்பு ஃபாரத்துல இல்லை, கையில, சரியா?"

நான் சரியாகத்தான் தட்டினேன் என்றேன்.

"பெட்டி என்ன கேட்டுச்சு, சொல்லுங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. முதல் இரண்டு பேருக்குப் படித்திருப்பேன். மூன்று வருஷமாக வந்து நிற்கிற பெட்டி, வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. முகத்தை யார் பார்க்கிறார்கள்?

மார்ச் 7, வெள்ளி

ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 'எனது கவனக்குறைவால் பதினான்கு பயனாளிகளின் பதிவுகள் நீக்கப்பட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' கீழே ஒரு கோடு, என் கையெழுத்துக்கு.

"இது ஒரு சம்பிரதாயம்தான். யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பப் போறதில்லை, சரியா?"

என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அது சும்மா உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பதினாலு பேரு?" என்று கேட்டேன்.

விதியை எடுத்துக் காட்டினார். பதிவுமுறையில் பிழை என்றால் பழைய வரிசைப்படியே பெயரைத் திரும்பச் சேர்க்கலாம். ஊழியரின் தவறு என்றால் பயனாளி புதிதாகப் பதிய வேண்டும், வரிசையின் கடைசியில். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் தெரிந்தவர்களை நடுவில் செருகிவிடுவார்களாம். விதி போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

ஆக, நான் கையெழுத்துப் போட்டால் பதினான்கு பேரும் நவம்பருக்குப் போவார்கள்.

"போட்டுட்டா முடிஞ்சுது, சரியா?" என்றார்.

"சரியில்லை சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8, சனி

வீட்டில் இவரிடம் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக் கொடுத்து, வீட்டிலும் அதையே செய்கிறவர். "கையெழுத்துத்தானே. போட்டுட்டு வேலையைப் பாரு" என்றார்.

கையெழுத்துத்தானேயாம். அந்தக் கோட்டில் நிற்கப் போவது யார் பெயர்? செய்யாத தப்பை... செய்யாத தப்பா? அதுவே எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத வரைக்கும் எப்படிப் போடுவேன்? இதைச் சொன்னால், "உனக்கு எல்லாத்துலயும் வீம்பு" என்கிறார். ஆமாம், வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

கையெழுத்துப் போடமாட்டேன். எழுதிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

லிஃப்ட்காரர் மறுபடி வந்தார். நவம்பர் பதிவுக்குக் காகித ஃபாரம் நிரப்ப வந்திருக்கிறார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

"இப்ப நிரப்பாதீங்க. நிரப்பினா பழைய இடம் போச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.

"யாரு பொறுப்பு, நீங்களா?"

"நான்தான்." சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் கொஞ்ச நேரம் என் திரையைப் பார்த்தார். "எங்க தொழில்லயும் இது உண்டுக்கா. லிஃப்ட் பக்கத்துல ரெண்டு அம்பு இருக்கும், மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. மேலே போகணும்னா மேல் அம்பு. அவ்வளவுதான். ஆனா நாலாவது மாடியில நின்னுக்கிட்டு, லிஃப்ட் கீழே நிக்குதே, மேலே வரட்டும்னு மேல் அம்பை அமுக்குறவங்க எத்தனை பேர் தெரியுமா? கீழே போக வேண்டிய ஆளு மொட்டை மாடிக்குப் போய் நிப்பாரு. லிஃப்ட் ரிப்பேர்னு எங்களுக்குப் போன் வரும். போய்ப் பார்த்தா லிஃப்ட் நல்லாத்தான் இருக்கும். ஆளும் நல்லாத்தான் இருப்பாரு."

"அப்போ எது ரிப்பேர்?"

"அம்பு என்ன கேக்குதுன்னு அம்புல எழுதலையே" என்றார்.

மேடம் போய் அக்கா வந்ததை அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பூட்டிய ஃபைலைத் தொடவில்லை. போன மாத அழைப்பு வாரத்தில் எடுத்த நகல் ஒன்று என் கணினியில் இருந்தது, அதைத் திறந்தேன். ஆல்ட்டையும் எஃப் பதினொன்றையும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோவுக்கு உள்ளே போகலாம் என்று அந்த ஒப்பந்தக்காரர் செய்து பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை, கதவு திறந்தே கிடந்தது. உள்ளே முழுக்க ஆங்கிலம். எனக்கு முழுதாகப் புரியாது. ஆனால் 'யெஸ்' என்றால் 'டெலீட்' என்று ஒரு வரி இருந்தது. அது புரிந்தது. ஆம் என்று தட்டினால் பெயர் போகும்.

அங்கே கேள்வியைக் காணவில்லை. உள்ளே ஒரு இடத்தில் தமிழ் எழுதிப் பார்த்திருக்கிறார், எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறியாக மாறிக் கிடந்தது. அந்த இடத்துக்குத் தமிழ் எழுத்து ஆகாது போலிருக்கிறது. அதனால்தான் மனிதர் வாசகத்தை வேறு ஒரு தாளில் வைத்து, அங்கிருந்து எடுத்துக் காட்டச் செய்திருக்கிறார். அந்தத் தாள் மறைத்து வைத்த தாள். கீழே தாள்களின் பெயர் இருக்கும் இடத்தில் வலது பட்டனைத் தட்டி 'அன்ஹைடு' கொடுத்தேன். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் திருடி மாதிரி.

ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வரி.

'இவர் இனி வரமாட்டாரா?'

மார்ச் 12, புதன்

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. தெளிவானதால் ஆத்திரம் இன்னும் கூடியிருக்கிறது.

நான் போனில் கேட்டேன், "வர்றீங்களா?" அவர் சொன்னார், "ஆமா." ஆங்கிலப் பெட்டியில் 'டெலீட்' என்பதைக் கண்டால் கை தானாக 'நோ'வுக்குப் போகும்; இந்த முறை அந்த வார்த்தை இல்லை, காதில் விழுந்த ஆமா நேராகக் கைக்குப் போயிற்று. கை 'ஆம்' தட்டிற்று. பெட்டி கேட்டது 'வரமாட்டாரா'. ஆம், வரமாட்டார். பெயர் போயிற்று. "இல்லைங்க, வரலை" என்றவருக்கு 'இல்லை' தட்டினேன். பெயர் நின்றது. இருபது பேருக்கும் ஒழுங்காக, ஒரு பிசகில்லாமல், தலைகீழாக.

நான் படித்திருக்க வேண்டும். அதை இங்கே எழுதி வைக்கிறேன், யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்திருந்தாலும்? இன்று பத்துத் தடவை படித்தேன். பத்தாவது தடவையும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

சரியா சாரிடம் போனேன். கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். "வரமாட்டாரா? வரமாட்டாருன்னா ஆம். வருவாருன்னா இல்லை. தமிழ் தெரிஞ்ச யாருக்கும் புரியுமே. இதுல குழப்பம் எங்க இருக்கு, சரியா?"

"முன்னாடி இங்கிலீஷ்ல நீக்கவான்னுதானே சார் கேட்டுச்சு. அதை ஏன் மாத்தினீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் திரை தெரியும்மா. ஏற்கெனவே காலை எடுத்துட்டு வந்திருக்காங்க. பேர் பக்கத்துல நீக்கவான்னு வந்தா எப்படி இருக்கும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். ஆனால் அந்த நல்ல மனசுக்காகப் பதினான்கு பேர் எட்டு மாதம் காத்திருக்க முடியாது.

"மேலிடத்திலிருந்து அடுத்த புதன்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள கையெழுத்து வேணும்" என்றார். சரியா என்று கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

தமிழ் தெரிந்த யாருக்கும் புரியுமாம். சரி, கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இருபது பேர். காவலாளி, பட்டறைக்காரர்கள், நடைப்பயிற்சி கொடுக்கிறவர், துப்புரவுக்கு வருகிற அம்மா, காத்திருந்தவர்கள், கூட வந்தவர்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "நாளைக்கு வரமாட்டீங்களா?" பதிலைக் குறித்துக்கொண்டு, பிறகு நிஜமாக வருவாரா மாட்டாரா என்று கேட்டேன்.

இல்லை என்றவர்கள் பதினொரு பேர். அதில் ஆறு பேர் வரமாட்டார்கள், ஐந்து பேர் வருவார்கள்.
ஆமா என்றவர்கள் ஆறு பேர். நான்கு பேர் வரமாட்டார்கள், இரண்டு பேர் வருவார்கள்.
மீதி மூன்று பேர் "ஏன் கேக்குறீங்க?" என்றார்கள்.

துப்புரவு அம்மா, "இல்லை, ஆமா, வரமாட்டேன்" என்றார். அவரை எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை, கடைசியில் இல்லையில் சேர்த்தேன்.

ஒரே ஒரு 'இல்லை'க்குள் வருகிறவரும் வராதவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயால் சொன்னால் குரலில் தெரிந்துவிடும், பின்னாலேயே ஒரு வார்த்தை வந்து காப்பாற்றிவிடும். பட்டனுக்குக் குரல் எங்கே இருக்கிறது?

மார்ச் 15, சனி

இவர் சாப்பிடும்போது என் நோட்டைப் புரட்டினார். சிரிக்கப் போகிறார் என்று தயாராக இருந்தேன். சிரிக்கவில்லை.

"போன வருஷம் ஒருத்தன் நம்ம காரை ஒரு வீட்டுக் கேட்டுல கொண்டுபோய் மோதினானே, ஞாபகம் இருக்கா? மூலையில வந்ததும், 'இங்க திரும்ப வேண்டாமா சார்?'னு கேட்டான். நான் ஆமான்னேன். ஆமா வேண்டாம்னு அர்த்தம். அவன் ஆமா திரும்பணும்னு எடுத்துக்கிட்டுத் திருப்பிட்டான். அவனைக் கன்னாபின்னான்னு திட்டினேன்."

"இப்ப?"

"இப்ப என்ன. பாவம் அந்தப் பையன்." தட்டைக் கழுவப் போனார். பிறகு குழாயடியிலிருந்தே, "கையெழுத்துப் போடாத" என்றார்.

குழாய்ச் சத்தத்தில் எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் "என்ன?" என்று இன்னொரு தரம் சொல்ல வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

நான் கிளம்புகிற நேரத்துக்கு மதியக்காரி வந்தாள். பையை வைக்கவில்லை, நின்றாள்.

"அக்கா, என்கிட்டயும் மூணு பேர் போனாங்க."

முதல் நாளே மூன்று பேருக்குத் தப்பாகத் தட்டியிருக்கிறாள். நாலாவது ஆளுக்குத்தான் கேள்வியைப் படித்திருக்கிறாள். பயந்துபோய் அந்த மூன்று பேரையும் புதிதாகப் பதிந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்த மூன்று பேரும் இப்போது நவம்பரில் இருக்கிறார்கள்.

கத்தினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன். பத்து நாளா நான் ஒருத்தியே முட்டாள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, உனக்கு வாய் இல்லையா, அந்தப் பொண்ணுக்குப் புரியுது உனக்கு ஏன் புரியலைன்னு அந்த ஆளு கேக்கும்போது உன்னைத்தானே காட்டினாரு... அவள் அழுதாள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். எனக்கும் தெரியும்.

"புதன்கிழமை நீயா சொல்றதா இருந்தா சொல்லு. நான் உன் பேரை எடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய தியாகி மாதிரி. பஸ்ஸில் வரும்போது ஏன் சொன்னோம் என்று இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் விடுமுறைப் பட்டியல். வியாழன், மேலாளர், ஒரு நாள். எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. இவரிடம் ஒத்திகை பார்த்தேன். மூன்று தடவையும் 'ஆமா' என்று சொல்லிக் கெடுத்தார்.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மேலிடத்திலிருந்து வந்தவர் ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சரியா சார் ஃபைலைத் திறந்து விளக்கினார். கையெழுத்து இல்லாத கடிதம் மேசை மேல் கிடந்தது. "இவங்க ஒத்துக்கல" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது, நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

நான் நோட்டைக் காட்டினேன். பதினான்கு 'வ'. மறைத்து வைத்த தாளைக் காட்டினேன். இருபது பேர் சொன்ன பதிலைக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிப் படித்தார், கழற்றினார். "சர்வே எல்லாம் சரி. ஆனா கேள்வி எனக்குத் தெளிவாத்தான் இருக்கு" என்றார்.

இனி ஒன்றுதான் மிச்சம். சரியா சார் பக்கம் திரும்பிச் சாதாரணமாகக் கேட்டேன்.

"சார், நாளைக்கு நீங்க வரமாட்டீங்களா?"

ஆமா என்று சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன். அதை அப்போது நன்றாகத் தெரிந்துதான் கேட்டேன்.

"இல்லை" என்றார். "லீவு போட்டிருக்கேனே. எதுக்கு?"

நகல் ஃபாரத்தைத் திறந்தேன். அதில் முன்பே ஒரு வரி சேர்த்து வைத்திருந்தேன், பெயர்: மேலாளர். 'அழைத்தாயிற்று' தட்டினேன். பெட்டி வந்தது. இவர் இனி வரமாட்டாரா? "சார் இல்லைன்னு சொன்னாரு. அதையே தட்டுறேன்" என்று 'இல்லை'யைத் தட்டினேன். பெயர் போகாமல் நின்றது.

"உங்க ஃபாரம்படி நாளைக்கு நீங்க வருவீங்க சார்."

அந்த அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "இந்தக் கேள்வியை எழுதினது யாரு?"

சரியா சார் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றார். ஒப்பந்தக்காரர் மேல் போட்டிருக்கலாம், அவர்தான் இல்லையே. போடவில்லை. அதை நான் மறக்கக் கூடாது.

நானும் சொன்னேன். "நானும் படிக்காமத் தட்டினேன் மேடம். அதை எழுதிக்குங்க. கீழே கையெழுத்துப் போடுறேன். ஆனா கேள்வியை விட்டுட்டு என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதினா, இந்தப் பேனாவை நான் எடுக்கமாட்டேன்."

பேனாவை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

இரண்டு மணிக்கு அந்த அம்மா கிளம்பும்போது மதியக்காரி வந்தாள். பையைக்கூட வைக்காமல் நேராகப் போய், "மேடம், பதினாலு இல்லை, பதினேழு" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

சரியா சார் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடிதம் வந்தது. 'உறுதிப்படுத்தும் வினாவின் வாசகத்தில் தெளிவின்மை காணப்பட்டதால், பதினேழு பயனாளிகளையும் பழைய வரிசைப்படியே சேர்க்க அனுமதிக்கப்படுகிறது.' இரண்டாவது பத்தியில், ஊழியர்கள் திரையில் தோன்றும் வாசகங்களைப் படித்த பின்னரே செயல்பட வேண்டும். அது எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

பதினேழு பேருக்கும் நானே போன் செய்தேன். லிஃப்ட்காரருக்கு முதலில். நாளை மறுநாள் அளவு, மூன்று வாரத்தில் கால்.

"வர்றீங்களா?" என்றேன்.

"வருவேன்" என்றார். பிறகு, "ஆமான்னு சொல்லமாட்டேன்க்கா. உங்களுக்கு அது ஒத்துக்காது."

மார்ச் 27, வியாழன்

அழைப்பு வாரம். பெட்டியை நானே மாற்றினேன். சரியா சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எக்செல் தானாகத் தரும் பெட்டியில் யெஸ்ஸும் நோவும்தான், வேறு வார்த்தை போட முடியாது. நல்லவேளை, தமிழுக்காக அந்த மனிதர் தனியாக ஒரு சின்ன ஃபாரம் செய்து வைத்திருந்தார். அதில் பட்டனுக்கு நம் இஷ்டப்படி பெயர் வைக்கலாம்.

கேள்வியையே எடுத்துவிட்டேன். மேலே ஆளின் பெயர் மட்டும். கீழே இரண்டு பட்டன். 'வருவார், இடம் இருக்கட்டும்.' 'வரமாட்டார், இடத்தை விடுகிறார்.' தெரியாமல் என்டரைத் தட்டினால் இடம் இருக்கட்டும். பெட்டியை மூடிவிட்டாலும் இடம் இருக்கட்டும். இதைப் பழகவே மூன்று நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை கணினியே உறைந்து நின்றது.

"நீக்குங்கிற வார்த்தை இல்லை பாருங்க சார்" என்றேன்.

இரண்டு தடவை படித்தார். "நல்லாருக்கு" என்றார். அந்த வாக்கியம் அப்படியே முடிந்தது.

ஏப்ரல் 16, புதன்

லிஃப்ட்காரருக்கு இன்று கால் மாட்டினார்கள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தார். திரும்பி வரும்போது ஒரு கையை விட்டார். நடைப்பயிற்சிக்காரர் திட்டினார். என் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும், குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தார். "இதுக்கு இன்னும் அட்டைதானா?" என்றார். இருபத்தெட்டாம் தேதி வேலைக்குச் சேர்கிறாராம். முதல் இரண்டு மாதம் கீழ்த்தளத்து மோட்டார் அறை, மேலே ஏற விடமாட்டார்கள்.

மாலையில் ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவம் வந்தது. வழக்கமாக ஒரு வருஷம். இந்த முறை ஆறு மாதம். ஏன் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கேட்பேன், இன்றைக்கு இல்லை. சரியா சார் படிவத்தை வைத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் போனார். பாதி வழியில் நின்று, "கடைசி வரியை நான் எழுதலம்மா" என்றார்.

கடைசி வரி: 'இப்பணியில் தொடர விருப்பமில்லையா? ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.'

இரண்டையும் அடித்தேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பெரிய எழுத்தில் 'வருவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.